போன நேரம் என்றொரு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். நூலகப் படியில் முதலில் கண்ணில் பட்டது விரித்த ஒரு கறுப்புக் குடை. மழை இல்லை, பனிமூட்டம் மட்டும்தான். குடையின் கீழ் ஒரு பெண் நின்றிருந்தார். அவருடைய இடது கையில் சந்தைப் பையும், வலது கையில் மடித்த தாள் ஒன்றும் இருந்தன. அவருக்குப் பின்னால், தூணைக் கட்டிப் பிடித்தபடி அவர் மகள் நின்றாள். நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

"நீங்கதானா அந்தப் பேப்பர் சேரு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஆமாங்க."

"எம்புள்ளைக்கு எதுக்கு அரப்பேரு போட்டீங்க?"

இது நடந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் தர்ஷினி. நான் இருந்த சிறுவர் பகுதியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"சேர், நீங்க வச்ச வருகைப் புத்தகத்துல கடைசியா 'போன நேரம்'னு ஒரு கட்டம் இருக்குதே, அது எதுக்கு? இப்ப எல்லாம் கணினியிலதான் பதியணும். வந்திருக்கிற படிவத்துல அந்தக் கட்டம் இல்ல. விட்டுரவா?"

"விட்டுராதம்மா. ஏன்னு எழுதித் தாரேன்" என்றேன்.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஏழு வருடங்கள் அச்சுப்பிழை திருத்தினேன். பிறகு தேர்வெழுதி, நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்திலுள்ள சிறிய ஊரின் பொது நூலகத்துக்கு உதவியாளனாக வந்தேன். பல வருடங்கள் பத்திரிகை அறைதான் என் இடம். செய்திகளை வெட்டி, தேதியும் பக்க எண்ணும் எழுதி, தாளில் ஒட்டிக் கோப்பில் சேர்ப்பேன். பேப்பர் சேர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. சிறுவர் பகுதி திறந்தபோது அதை ஏற்க ஆள் இல்லை. "கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும் தானே" என்று சொல்லி நூலகர் என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்த நூலகர் மெனிக்கே மிஸ். சிங்களவர். தமிழை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்து வெளியே விடுவதுபோல் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பதிவேட்டில் பிழை கண்டால், அந்த வரியில் சுட்டுவிரலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். நாமே பார்த்து, நாமே சொல்லும்வரை விரல் அந்த இடத்திலேயே இருக்கும். பத்திரிகையில் எனக்கு மேலிருந்தவர்கள் சிவப்பு மையால் சுழித்துத் திட்டுவார்கள். அதைவிட இந்த விரல் கடுமையானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் நேரம் நடந்தது. அதன் ஒழுங்கு முழுவதும் மிஸ் வகுத்தது. ஒன்பது மணிக்குக் கதவு. வராந்தாக் குழாயில் எல்லோரும் கை கழுவ வேண்டும். மிஸ் ஒவ்வொரு கையையும் இருபுறமும் பார்த்து, சவர்க்கார வாசனை இருக்கிறதா என்று முகர்ந்தும் பார்ப்பார். பிறகு புத்தகம் பார்க்கும் நேரம். ஒன்பதே முக்காலுக்குக் கதை. பத்தரைக்குக் கைவேலை. பதினொன்றரைக்கு முடிவு.

கைவேலைக்கென்று எங்களுக்குப் பொருள் எதுவும் தரப்படவில்லை. சந்தைக் கடைக்காரர்கள் கழித்துப் போடும் கிழங்கு, கரட், லீக்ஸ் அடித்தண்டு ஆகியவற்றை வாங்கி வருவேன். லீக்ஸை குறுக்கே வெட்டி மையில் தோய்த்து ஒற்றினால் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு பூ விழும். கரட்டில் உள் நிறைந்த வட்டம் வரும். கிழங்கைச் செதுக்கி எந்த வடிவமும் எடுக்கலாம். மை என்பது வேகவைத்த பீட்ரூட்டின் சாறு. அந்தச் சாறு இருக்கும் மேசைக்கும் புத்தக அலுமாரிக்கும் இடையில் எப்போதும் மூன்று அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. தரையில் சோக்குக் கட்டியால் கோடே போட்டு வைத்திருந்தார்.

நான் மிகவும் பெருமைப்படுவது எட்டுப் பக்கப் புத்தகத்தைப் பற்றி. ஒரு தாளை நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே இரண்டு முறையும் மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடு மடிப்பில், உள்ளே இருக்கும் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. பிறகு தாளை நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ள வேண்டும். தாள் சிலுவைபோல் விரியும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். பசை வேண்டாம், நூல் வேண்டாம். தாளின் ஒரு பக்கம் உள்ளே மறைந்துவிடுவதால், அலுவலகத்தில் ஒரு பக்கம் எழுதிக் கழித்த தாளே போதும். தண்ணீர்க் கட்டண நினைவூட்டல் உள்ளேயும் யானைப் படம் வெளியேயுமாக எத்தனையோ புத்தகங்கள் செய்தோம்.

செய்த புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடக் கூடாது என்று மிஸ் சொன்னார். "நூலகத்துக்கு வந்த புத்தகம் தானே. எண் போட வேணும்." அதற்கென்று ஒரு பதிவேடு திறந்தார். எண், நூலின் பெயர், பக்கங்கள், ஆசிரியரின் முழுப்பெயர் என்று கோடு போட்டார். நூலக முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டி, மற்றப் புத்தகங்களோடு இரவலும் கொடுத்தோம். ஆறு வயதுப் பிள்ளை எழுதியதை ஏழு வயதுப் பிள்ளை வரிசையில் நின்று எடுத்துப் போனது. அதை இந்த மலைநாட்டில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒரு விதி மட்டும் இருந்தது. எட்டுப் பக்கமும் முடிந்தால்தான் பதிவு. முடியாதது ஒரு பெட்டிக்குள் போகும். அந்த விதியை மிஸ் போட்டார். அதை மிஸ்ஸைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவன் நான்.

மதுஷா பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை. ஊருக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து தாயோடு சந்தைக்கு இறங்கி வருவாள். தாய் அவளைப் படியில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார், உள்ளே வரமாட்டார். மதுஷா கேட்டால் தலையசைப்பாள், அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அவள் மடிப்பு நேராக இருக்கும். நான் ஸ்கேல் வைத்து மடிப்பதை அவள் நகத்தால் மடித்துவிடுவாள்.

இருந்தும் அவள் எதையும் முடிக்கவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், ஐந்து அரைகுறைப் புத்தகங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதுவது என் வழக்கம். மதுஷாவைப் பற்றி எழுதியது இது: "மடிப்பு நன்று. நான்கு பக்கம் மட்டும். வேகம் போதாது. கடைசியாகத் தொட்ட பக்கத்தில் எப்போதும் கிழங்கு அச்சில் ஒரு நீள்சதுரம். கரட் வட்டம் இரண்டும் கீழே நழுவியுள்ளன. அச்சைப் பிடிக்கப் பழக்க வேண்டும்."

ஐந்தாவது ஞாயிறு அவள் எழுந்து கிளம்பும்போது தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"இது பாதிதானே மதுஷா? முழுசா முடிச்சாத்தான் பேர் போடுவேன்."

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தாள்தான் அடுத்த ஞாயிறு அவளுடைய தாயின் வலது கையில் இருந்தது.

தோட்டத்தில் பேர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் விழும் பதிவுதான் பேர். கொழுந்தின் எடை குறைந்தால் கண்டாக்கு, அதாவது தோட்ட மேற்பார்வையாளர், பாதி நாள் மட்டும் பதிவார். அது அரைப்பேர். என் அம்மா அரைப்பேர் விழுந்த நாட்களில் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசமாட்டார். இது எனக்குத் தெரியாத சொல் இல்லை. ஏழு வருடம் அடுத்தவர்களின் சொற்பிழைகளைத் திருத்தியவன், லயத்துப் பிள்ளையிடம் போய், பாதி வேலைக்குப் பேர் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"நாங்க காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு நின்னு, மலையேறி, அட்டக்கடி பட்டு எடுக்கிற கொழுந்து கொறஞ்சா கண்டாக்கு அரப்பேரு போடுறாரு. சரி, அது எங்க தலையெழுத்து. இந்தப் பச்சப்புள்ளைய ஒக்கார வச்சு வேலையும் வாங்கிட்டு, பாதிதான் செஞ்சிருக்கானு அரப்பேரு போடுவீங்களா? படிக்கத்தானே அனுப்புனேன்?" என்றார் தாய்.

"வேல இல்லீங்க, வெளையாட்டு மாதிரி..."

"வெளையாட்டுக்கு எதுக்குங்க பேரு? ராத்திரியெல்லாம் அழுதிருக்கா. 'அம்மா எனக்கு அரப்பேருதான், நான் கொறச்சு எடுத்துட்டேன்'னு சொல்றா. என்னத்தக் கொறச்சு எடுத்தா?"

எட்டு ஐம்பதுக்கு மெனிக்கே மிஸ் சாவியோடு வந்தார். படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு மட்டுமாகச் சிங்களத்தில் ஒரு கேள்வி, அரைப்பேர் என்றால் என்ன என்று. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாயின் பக்கம் திரும்பினார்.

"உங்கட பேர் என்ன?"

"புஷ்பராணிங்க."

"புஷ்பராணி, பேபி எத்தன மணிக்குப் போறது?"

"பதினொன்னு பத்து பஸ்ஸுங்க மிஸ். பதினொன்னுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போவேன். அத விட்டா ரெண்டு மணிக்குத்தான் அடுத்த பஸ். பெரியவங்க ரெண்டு பேரு வீட்டுல கெடக்காங்க, சோறாக்கணும். இவ அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு, அவரு வாரது தீவாளிக்குத்தான்."

மிஸ் கதவைத் திறந்து உள்ளே போய் வருகைப் புத்தகத்தை எடுத்து வந்தார். மதுஷாவின் பெயருள்ள வரியைக் காட்டினார். வந்த நேரம் இருந்தது. பள்ளி, வகுப்பு, எடுத்த புத்தகம் எல்லாம் இருந்தன. வரியின் முடிவில், எதுவும் எழுதப்படாத ஓரத்தில், விரலை வைத்தார். காத்திருந்தார்.

"போன நேரம் எழுதல்ல, மிஸ்" என்றேன்.

விரலை எடுத்தார்.

கைவேலை தொடங்குவது பத்தரைக்கு. தாய் வருவது பதினொன்றுக்கு. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், இவளுக்கு அரை மணி நேரம். அரை மணி நேரத்தில் நான்கு பக்கம் என்றால், வேகத்தில் அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அந்த நேர அட்டவணை முழுவதும் ஊருக்குள்ளிருந்து நடந்து வரும் பிள்ளைகளை வைத்துப் போட்டது. தோட்டத்து பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

புஷ்பராணியின் கையிலிருந்த தாளை வாங்கி மறுபடி பார்த்தேன். நீள்சதுரம், கீழே இரண்டு வட்டங்கள். வட்டங்கள் நழுவவில்லை. அவை சக்கரங்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் எழுந்து போகும் பக்கத்தில் எதற்காகப் போகிறாள் என்று அச்சடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இனி இவ வரமாட்டாங்க" என்றார் புஷ்பராணி. "எங்கூடவே சந்தையில நிக்கட்டும். அரப்பேரு வாங்கி அழுவுறதுக்கு லீக்ஸ் கட்டத் தூக்கிட்டு வரலாம்."

மதுஷா தூணை விடவில்லை. தாயைப் பார்க்கவும் இல்லை. கதவு வழியாக உள்ளேயிருந்த பீட்ரூட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைவேலையை முதல்ல வைக்கலாம், மிஸ். கதைய பின்னால வைப்போம்" என்றேன். "ஆனா கை கழுவி முடிக்கவே ஒன்பதரை ஆயிருது. எட்டரைக்குத் திறந்தா..."

"ஒன்பதுக்கு முந்தி கதவு திறக்க ஏலாது. அது பிரதேச சபையிட விதி."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மிஸ் திரும்பி வராந்தாவைப் பார்த்தார்.

"விதி கதவுக்குத் தானே. குழாய் வெளியே. வாங்கும் வெளியே." வாங்கு என்று அவர் சொன்னது வராந்தாவில் சுவரோரமாகக் கிடந்த நீள மரப்பலகையை. "அடுத்த ஞாயிறு எட்டரைக்கு கை கழுவுறது, மடிக்கிறது, வெட்டுறது எல்லாம் இங்க. ஒன்பதுக்கு உள்ள போய் அச்சு. நானும் எட்டரைக்கு வாறேன். கை பார்க்க வேணும் தானே."

"அப்பக் கதைய பாதியில விட்டுட்டுல்ல போகணும்?" என்றார் புஷ்பராணி. "அதுக்கும் அரையா?"

"கதை புத்தகத்தில இருக்குது. வீட்டுக்குக் கொண்டு போகலாம். அங்கத்துவ அட்டை நாங்க தாறோம்."

அட்டைக்கு வேண்டிய பிணைக் கையெழுத்தை நான் போடுகிறேன் என்றேன். புஷ்பராணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாப்போம்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் இறங்கினார். அன்று மதுஷா உள்ளே வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் செய்தது ஒரே வேலை. பெட்டியிலிருந்த அரைகுறைப் புத்தகங்களை எடுத்து யார் யாருடையவை என்று பிரித்தேன். பெயர்களை எழுதி, நேரே ஊர்களை எழுதினேன். இரண்டைத் தவிர எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுடையவை. அந்தத் தாளை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்துவிட்டு, பெட்டியை எடுத்து வரச் சொல்லி, அரைகுறைகளைத் தன் கையாலேயே சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையில் குத்தினார். "முடிக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு எட்டு இருபத்தைந்துக்கு நான் வராந்தாவில் நின்றேன். எட்டரைக்கு மிஸ் வந்தார். எட்டு முப்பத்தெட்டுக்குச் சாலையின் எதிர்ப்பக்கம் தோட்டத்து பஸ் வந்து நின்றது. இறங்கிச் சாலையைக் கடந்தவர்களை எண்ணினேன். இரண்டு ஆண்கள், மரக்கறி மூட்டையோடு ஒரு முதியவர், டியூஷனுக்குப் போகும் மாணவர்கள் நால்வர். பஸ் நகர்ந்தது. மிஸ் தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகுதான் அதன் மறைவில் நின்றிருந்த மதுஷா சாலையைக் கடந்து ஓடி வந்தாள்.

"ரோட்ட பாத்து வாடீ!" என்று பின்னால் குரல் கேட்டது. பிறகு குடை தெரிந்தது.

மிஸ் அவளுடைய கைகளைப் பார்த்தார், முகர்ந்தார். "வீட்டிலயே கழுவிட்டுத் தானே வந்திருக்குது" என்றார். விதிப்படி மறுபடியும் கழுவ வைத்தார்.

எட்டாவது பக்கம் முடிந்தபோது நேரம் ஒன்பது ஐம்பத்தைந்து. மதுஷா தாளைத் தூக்கிக்கொண்டு நேராக மிஸ்ஸின் மேசைக்குப் போனாள். மிஸ் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முத்திரை குத்தினார். பதிவேட்டைத் திறந்தார்.

"முழுப்பேர் என்ன?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் மதுஷா என் பக்கம் திரும்பினாள். நான் தலையசைத்தேன். அவள் பேனைக்காகக் கையை நீட்டினாள். பதிவேட்டில் மிஸ்ஸைத் தவிர யாரும் எழுதியதில்லை. நான்கூட எழுதியதில்லை. மிஸ் பேனையைக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் பள்ளியில் பழகியபடி தகப்பன் பெயரையும் தங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். மதுஷா நாக்கைக் கடித்துக்கொண்டு நீண்ட நேரம் எழுதினாள். மிஸ் வாசித்துவிட்டு, மையொற்றும் தாளை வைத்து மெல்ல அழுத்தினார். விரலை எங்கும் வைக்கவில்லை.

பதினொன்றுக்கு புஷ்பராணி முதல் முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செருப்போடு வரலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

"இப்ப முழுப்பேருங்களா?"

"முழுப்பேருங்க."

"அரை மணி முந்தி வந்து வேல செஞ்சிருக்கா. எங்களுக்கெல்லாம் கூட எடுத்த கொழுந்துக்குக் கைக்காசு உண்டு. அது எங்கங்க?"

மதுஷாவின் அட்டையில் முதல் இரவல் புத்தகத்தைப் பதிந்து அவள் கையில் கொடுத்தேன். "இதுதாங்க கைக்காசு" என்றேன்.

"இந்தா, ஒங்க சேரு பொழைக்கத் தெரிஞ்ச ஆளுதான்" என்று மகளிடம் சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று மாலையே வருகைப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூட்டினேன். அதன் தலைப்பில் 'போன நேரம்' என்று எழுதினேன்.

அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் மழைக்காலத்தில் கதையைச் சுருக்கினோம், பஸ் நேரம் மாறியபோது நாங்களும் மாறினோம். நான் ஓய்வு பெறும்வரை பலகையில் அரைகுறைகளுக்கும் இடம் இருந்தது. பிள்ளைகளின் பதிவேடு மூன்று நிறைந்து நான்காவது ஓடிக்கொண்டிருந்தது. மெனிக்கே மிஸ் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். கடைசி நாள் அவர் அலுமாரிச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, குழாய் சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

தர்ஷினி, கணினிப் படிவத்தில் இடமில்லை என்றால் குறிப்பு என்ற பகுதியிலாவது அதை எழுதம்மா. கணினியோடு பிள்ளைகளுக்குத் தொடுதிரையும் வந்தால் நல்லதுதான், அதையும் பிள்ளைகள் தொடட்டும். ஒரு பிள்ளை எழுந்து போகும்போது மட்டும் மணியைப் பார்.

இதை எழுத உட்கார்ந்தபோது முதல் பதிவேட்டில் மதுஷா எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பத் தர்ஷினியிடம் சொன்னேன். நேற்று அனுப்பியிருந்தாள். எண்: 31. நூலின் பெயர்: பஸ். பக்கங்கள்: எட்டு. ஆசிரியரின் முழுப்பெயர்: புஷ்பராணி மதுஷா.